அத்தை மகள் கட்டிப்பிடித்தாள், என் மகன் ஈபி கம்பம் மாதிரி நின்றான்

மகராசி

என் மகனுக்கு 14 முடிந்து 15 நடக்கிறது, இந்த ஜூனில் பத்தாவது போகிறான். போன வாரம் என் நாத்தனார் குடும்பம் டல்லாஸிலிருந்து லீவுக்கு வந்தார்கள். கோவை விமான நிலையத்துக்கு மாமியாரையும் கூட்டிக்கொண்டு ஆறு பேர் போயிருந்தோம். வெளியே வந்ததும் நாத்தனார் மகள், அவளுக்கு 16 வயது, தள்ளுவண்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்து வரிசையாக ஒவ்வொருவரையும் கட்டிப்பிடித்தாள். முதலில் ஆத்தா, அப்புறம் என் வீட்டுக்காரர், அப்புறம் நான். என் வீட்டுக்காரர் கும்பிடுகிற மாதிரி கையைத் தூக்கி, பாதியில் என்ன செய்வதென்று தெரியாமல், அவள் தலையில் ரெண்டு தட்டு தட்டிச் சமாளித்துவிட்டார். நாலாவது என் மகன். அவன் கையில் அரை லிட்டர் தண்ணீர் பாட்டில். ரெண்டு கையும் தொடையோடு ஒட்டியபடி, கழுத்தை மட்டும் பின்னால் இழுத்துக்கொண்டு, ஈபி கம்பம் மாதிரி நின்றான். அவள் விட்ட பிறகும் அப்படியே நின்றான். காரில் ஏறும்போது பார்த்தால் பாட்டில் நசுங்கிப் போயிருக்கிறது.

காரில் மாமியார் ஆரம்பித்தார். "வயசுக்கு வந்த புள்ள, முறைப் பையனப் போயி நாலு பேரு பாக்கக் கட்டிப்புடிக்கறா, என்ன வளத்தியோ போ." அவர் மகள் வளர்த்ததைத்தான் சொல்கிறார், ஆனால் முகம் என்னவோ என் பக்கம்தான் திரும்பியிருந்தது, அது வேறு கதை. பையன் காதில் விழுந்துவிட்டது. அன்றிலிருந்து அவள் ஹாலில் இருந்தால் இவன் அறையை விட்டு வெளியே வருவதில்லை, சோற்றைத் தட்டில் போட்டு உள்ளே எடுத்துக்கொண்டு போகிறான். நேற்று அந்தப் பெண் என்னிடம் வந்து, அவளுடைய உடைந்த தமிழில், "அத்தை, நான் தப்புப் பண்ணிட்டேனா? அவனுக்கு என்னைப் பிடிக்கலையா?" என்று கேட்டாள். கண் கலங்கியிருந்தது.

இதில் என் சொந்தப் புலம்பலும் கொஞ்சம் உண்டு. ஏழாவது படிக்கும்போதிலிருந்து என்னையும் இவன் கிட்டே விடுவதில்லை. தோளில் கை வைத்தால் மெதுவாக, நான் கவனிக்காத மாதிரி, நழுவிவிடுவான். ஆனால் பள்ளி வாசலில் கூட்டாளிகளோடு ஒரு தட்டும் இடியுமாக என்னென்னவோ செய்கிறான். அவர்கள் ஆகஸ்ட் முதல் வாரம் வரைக்கும் இங்கேதான் இருப்பார்கள். நான் இவனுக்கு ஏதாவது சொல்லிக்கொடுக்க வேண்டுமா, இல்லை, அவளிடம் "இந்த ஊரில் அப்படிச் செய்யாதே" என்று சொல்ல வேண்டுமா? ரெண்டையும் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பேர்_சொல்லமாட்டேன்

ஆன்ட்டி, நான் பிளஸ் ஒன். கிட்டத்தட்ட உங்கள் மகன் இடத்தில் நிற்கிறவன், அதனால் நானே சொல்கிறேன்.

பாட்டில் இருந்தது நல்லதாகப் போயிற்று. கை காலியாக இருந்திருந்தால் இன்னும் மோசம். ஒருத்தர் கட்டிப்பிடிக்க வரும்போது ஒரு நொடிக்குள் எத்தனை முடிவு எடுக்க வேண்டும் தெரியுமா? தலை எந்தப் பக்கம் போக வேண்டும், ரெண்டு பேரும் ஒரே பக்கம் போனால் மூக்கு இடிக்கும். கை மேலேயா கீழேயா, முதுகில் என்றால் எவ்வளவு உயரத்தில், விரலை விரிக்கலாமா மூடி வைக்கலாமா, தட்டலாமா, தட்டினால் எத்தனை தட்டு, யார் முதலில் விடுவது. இதற்கு நடுவில் நம் மேல் வேர்வை நாற்றம் அடிக்கிறதா என்கிற பயம் வேறு. போன வருஷம் மட்டும் நான் 9 செ.மீ. வளர்ந்தேன், என் கை எங்கே முடிகிறது என்று எனக்கே கணக்கு பிடிபடவில்லை, வீட்டில் தினமும் எதையாவது தட்டிவிட்டுத் திட்டு வாங்கினேன். அந்தக் கையை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைக் கட்டிப்பிடி என்றால் எப்படி?

கூட்டாளிகளோடு செய்கிறானே என்கிறீர்கள். அது வேறு ஆன்ட்டி. அதற்கு ஒரு செட்டான கணக்கு இருக்கிறது. வலது கையைப் பிடி, இழு, தோளை இடி, இடது கையால் முதுகில் ரெண்டு தட்டு, முடிந்தது. ஒரு நொடி கூடிப்போனால் பின்னாலிருந்து எவனாவது "ஊஊ" என்பான், அதனால் யாருமே கூட்ட மாட்டோம். எங்கள் வகுப்புப் பெண்கள் காலையில் ஒரு தடவை, இடைவேளையில் ஒரு தடவை, சாயங்காலம் பஸ் ஏறும்போது ஒரு தடவை என்று கட்டிப்பிடிக்கிறார்கள், ஒரு நாள் லீவு போட்டவள் வந்தால் பத்து வருஷம் துபாயில் இருந்துவிட்டு வந்தவள் மாதிரி வரவேற்பு. பையனும் பெண்ணும் என்றால் பிறந்த நாள், ஃபேர்வெல், பரீட்சை முடிகிற நாள் மட்டும்தான், அதுவும் பக்கவாட்டில் ஒரு கை. இதெல்லாம் யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, ஆனால் மீறினால் அன்று சாயங்காலத்துக்குள் எல்லா குரூப்பிலும் வந்துவிடும்.

இன்னொன்று. நான் ஐந்தாவது படிக்கும்போது, 2020 மார்ச்சில், கொரோனாவுக்காகப் பள்ளியை மூடினார்கள். நாங்கள் திரும்ப வகுப்புக்குப் போனது 2021 நவம்பர் 1, அப்போது நான் ஏழாவது. போன அன்றைக்கே கூட்டாளி தோளில் கை போட்டேன், மிஸ் "தள்ளி நில்லு, தள்ளி நில்லு" என்று மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கத்தினார். உங்கள் மகன் எனக்கு ஒரு வகுப்பு கீழே, அவனுக்கும் இதே கதைதான் இருக்கும். தொடாமல் இருப்பது எப்படி என்றுதான் எங்களுக்கு வட்டம் போட்டு நிற்க வைத்துச் சொல்லிக்கொடுத்தார்கள்.

அவனுக்கு அந்த அக்காவைப் பிடிக்காமல் இல்லை. விமான நிலையத்தில் நடந்தது வெறும் கூச்சம், ரெண்டு நாளில் போயிருக்கும். பாட்டி "முறைப் பையன்" என்று சொன்னார் பாருங்கள், அதற்கப்புறம் அவள் எதிரில் சும்மா உட்கார்ந்து தோசை சாப்பிடுவதுகூட ஒரு விஷயமாகிவிட்டது. இப்போது நானாக இருந்தாலும் அறையை விட்டு வர மாட்டேன். தயவுசெய்து கட்டிப்பிடிக்கச் சொல்லிக்கொடுக்காதீர்கள், அம்மா நின்று அதை டெமோ காட்டுவதைவிட வீட்டை விட்டு ஓடிப்போவது மேல்.

மகராசி

தம்பி, நீ எழுதியதை என் வீட்டுக்காரரிடம் காட்டினேன். "எத்தனை தட்டு தட்டறதுன்னு எனக்கும் தெரியல" என்கிறார், அவருக்கு வயது 47.

திண்ணை

தம்பி சொன்ன "பாட்டி ஒரு வார்த்தை சொன்ன பிறகு விஷயமாகிவிட்டது" என்பதிலிருந்து பிடித்துக்கொள்கிறேன். எனக்கு வயது 58, தஞ்சாவூர்ப் பக்கம்.

நம் மொழியில் முறை என்றால் வழக்கம், முறை என்றால் உறவும்தான். யாரைத் தொடலாம், யாரிடமிருந்து எவ்வளவு தள்ளி உட்கார வேண்டும் என்பதெல்லாம் அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருந்தது. பெரியப்பா மகள் வந்து என் தோளில் சாய்ந்து தூங்கினால் அக்கா தூங்குகிறாள், அவ்வளவுதான். அத்தை மகளோ மாமன் மகளோ அதே பாயில் உட்கார்ந்தால் பெரியவர்கள் கண் ஒரு தடவை திரும்பிப் போகும். ரெண்டு பேருக்கும் ஒரே வயது, ஒரே மாதிரி பின்னல், ஒரே மாதிரி வாய். ஆனாலும் ஒருத்தி கூடப் பிறந்தவள் கணக்கில், இன்னொருத்தி கட்டிக்கொடுக்கக்கூடியவள் கணக்கில். உங்கள் டல்லாஸ் பெண்ணுக்கு ரெண்டும் கசின் என்கிற ஒரே சொல்தான். அவள் ஒரு கசினைக் கட்டிப்பிடித்தாள், உங்கள் மாமியார் ஒரு முறைப்பெண் முறைப்பையனைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்தார். ஒரே காட்சி, ரெண்டு பேர் பார்த்தது வேறு வேறு. பையன் நடுவில் மாட்டிக்கொண்டான். இன்றைக்கு நெருங்கிய சொந்தத்தில் கட்டுவது எவ்வளவோ குறைந்துவிட்டது, பலர் வேண்டவே வேண்டாம் என்கிறார்கள், ஆனால் அந்தச் சொல்லும் அதன் கூச்சமும் மட்டும் வீட்டுக்குள்ளேயே தங்கிவிட்டன.

அப்புறம், "நம் ஆட்கள் தொட்டுப் பழகத் தெரியாதவர்கள்" என்று ஒரு பேச்சு எங்கே போனாலும் கேட்கிறேன், எனக்கு அதில் உடன்பாடு இல்லை. என் அப்பா என்னை ஒரு தடவைகூடக் கட்டிப்பிடித்ததில்லை. ஆனால் நடவு நாட்களில் ராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் குப்புறப் படுத்து, முதுகில் ஏறி மிதிக்கச் சொல்வார். எனக்கு ஏழெட்டு வயது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இடுப்பிலிருந்து தோள்பட்டை வரைக்கும் குதிகாலை வைத்து வைத்து நடப்பேன். எலும்பு நெறுக்கென்று சத்தம் போடும். "அங்கதான், அங்கதான், நில்லு" என்பார். அவர் மூச்சு விடும்போது நான் மேலே போய்க் கீழே வருவேன், ஓடத்தில் நிற்கிற மாதிரி. கொஞ்சம் கனம் போட்டதும் ஒரு நாள் "நீ எறங்கு, தம்பிய ஏறச் சொல்லு" என்றார். அன்று எனக்கு வந்த பொறாமையை இன்றைக்கும் தம்பியிடம் சொன்னதில்லை.

பாட்டிக்குக் கால் பிடித்துவிட்டோம், அக்கா மடியில் தலை வைத்துப் பேன் பார்க்கக் கொடுத்தோம், அம்மா அரைத்த சீயக்காய் கண்ணில் இறங்கி ஊரைக் கூட்டினோம். எல்லாம் ஒரு வேலையோடு சேர்ந்த தொடுதல். வேலை என்கிற சாக்கு இருந்ததால் யாருக்கும் கூச்சம் வரவில்லை. கையில் வேலை ஒன்றும் இல்லாமல், சும்மா அன்பைக் காட்டுவதற்காகவே நெஞ்சோடு நெஞ்சு சேர்த்து நிற்பது இருக்கிறதே, அதற்குத்தான் நம்மிடம் பழக்கம் இல்லை.

ஆம்பிளைப் பையன்கள் விஷயமும் அப்படித்தான். நானும் என் கூட்டாளியும் சுண்டுவிரலைக் கோத்துக்கொண்டு டூரிங் டாக்கீஸ் வரைக்கும் நாலு மைல் நடப்போம், ஒரு மனிதர் திரும்பிப் பார்த்ததில்லை. என் மகன் காலேஜில் இப்போது அப்படி நடந்தால் அன்றைக்கே பட்டப்பெயர். கட்டிப்பிடிப்பது ஒரு பக்கம் வந்து சேர்ந்தது, கை கோப்பது இன்னொரு பக்கம் போய்விட்டது, இதில் யாருக்கு லாபம் என்று எனக்குப் புரியவில்லை.

அம்மா, ஒன்று கேட்கிறேன். உங்கள் பையன் தலைக்கு எண்ணெய் வைக்க விடுகிறானா?

மகராசி

விடுகிறானுங்க. சனிக்கிழமை காலையில் முக்காலியைப் போட்டு அவனே வந்து உட்காருவான், போனைப் பார்த்துக்கொண்டே. நான் நிறுத்தினால் தலையை லேசாகப் பின்னால் தள்ளுவான், இன்னும் தேய் என்று அர்த்தம். நீங்கள் கேட்கிற வரைக்கும் நான் இதை ஒரு கணக்கிலேயே சேர்க்கவில்லை.

ஓரமா_நில்

எதற்கு வம்பு? ரெண்டு பிள்ளைகளும் 18க்குக் கீழே. போக்சோ அது இது என்று தினமும் பேப்பரில் வருகிறது. கையைக் கட்டிக்கொண்டு தள்ளி நிற்கச் சொல்லுங்கள், யாருக்கும் தொந்தரவு இல்லை. என் மகனுக்கு நான் அப்படித்தான் சொல்லி வைத்திருக்கிறேன்.

சாக்பீஸ்

@ஓரமா_நில் ஐயா, நான் மேல்நிலைப் பள்ளி ஆசிரியை. இப்படிப் பயமுறுத்தி வளர்த்த பிள்ளைகளைத்தான் தினமும் வகுப்பில் பார்க்கிறேன். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்க வந்த 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தில் 7ஆம் பிரிவு பேசுவது பாலியல் நோக்கத்தோடு தொடுவதைப் பற்றி. 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் நோக்கம்தான் முக்கியம், தோலோடு தோல் பட்டதா என்பது அல்ல என்று சொல்லி, பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் கிளை தந்த தீர்ப்பை ரத்து செய்தது. விமான நிலையத்தில் பாட்டி, மாமா, அத்தை எல்லோரையும் கட்டிப்பிடித்துவிட்டு வரிசையில் நாலாவதாக நின்றவனையும் கட்டிப்பிடித்த பெண்ணுக்கு இந்தச் சட்டம் எங்கே வருகிறது?

ஆனால் பள்ளிகள் பயப்படுகின்றன, அது உண்மை. 2017 ஜூலையில் திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளியில் பிளஸ் டூ பையன் ஒருவன், மேடையில் நன்றாகச் செய்துவிட்டு வந்த பிளஸ் ஒன் பெண்ணைப் பாராட்டிக் கட்டிப்பிடித்தான். ரெண்டு பேரும் பள்ளிக்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். குழந்தைகள் உரிமை ஆணையம் திரும்பச் சேர்க்கச் சொன்னது, பள்ளி உயர் நீதிமன்றம் போனது, டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் ஒழுங்கு விஷயத்தில் தலைமை ஆசிரியருக்கு அதிகாரம் உண்டு என்று பள்ளியின் பக்கம் நின்றது. கடைசியில் அந்தத் தொகுதி எம்.பி. சசி தரூர் நடுவில் பேசி, 2018 ஜனவரியில்தான் ஒரு வழியாகச் சமரசம் ஆயிற்று. சில நொடிகள் நடந்த ஒன்றுக்கு அரை வருஷம். அதுவரை அது ஒரு சின்னப் பாராட்டு, அதற்கப்புறம் நாடு முழுக்கச் செய்தி. இங்கே "முறைப் பையன்" என்ற ஒரு சொல் செய்ததை அங்கே ஒரு பள்ளியும் ஒரு வழக்கும் சேர்ந்து பெரிய அளவில் செய்தன.

நான் என் வகுப்பில் சொல்வது ரெண்டே விஷயம். உனக்குப் பிடிக்கவில்லையென்றால் வேண்டாம் என்று சொல்லலாம், அது யாராக இருந்தாலும், சொந்தக்காரராக இருந்தாலும், காரணம் சொல்லத் தேவையில்லை. யாராவது மிரட்டினாலோ ரகசியமாக வைக்கச் சொன்னாலோ நேராக என்னிடம் வா, இல்லையா, குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடு. இது தெரிந்த பிள்ளை பயப்பட வேண்டியதில்லை. "தள்ளி நில்" மட்டும் தெரிந்த பிள்ளைக்கு எது சாதாரணம், எது தப்பு என்று பிரித்துப் பார்க்கவே வராது.

ஓரமா_நில்

சரிங்க டீச்சர். ஆனாலும் நான் தள்ளித்தான் நிற்பேன்.

லாச்சப்பல்_மாமி

நான் யாழ்ப்பாணம், இப்ப 20 வருசமாகப் பாரிஸ். எங்கள் பக்கம் "கொஞ்சு" என்றால் முத்தம் கொடு என்று அர்த்தம், உங்கள் ஊரில் அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. யார் வீட்டுக்குப் போனாலும் பிள்ளையை முன்னால் தள்ளிவிட்டு "மாமிக்குக் கொஞ்சு, பெரியம்மாவுக்குக் கொஞ்சு" என்று சொல்லித்தான் வளர்த்தோம். பிள்ளை மறுத்தால் "வெக்கப்படுறான்" என்று சிரிப்போம், விடமாட்டோம். இங்கே பள்ளிக்கூடத்தில் என் மகன், 15 வயது, காலையில் வகுப்புப் பெட்டைகளோடு கன்னத்துக்குக் கன்னம் வைத்து ரெண்டு தரம் பீஸ் செய்கிறான். பிரெஞ்சுக்காரருக்கு அது வணக்கம் மாதிரி, சில ஊர்களில் மூன்று, சில இடங்களில் நாலும் உண்டு. கொரோனாவோடு குறைந்தது, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. அங்கே அவனுக்கு ஒரு கூச்சமும் இல்லை. ஆனால் எங்கள் ஆட்களின் கலியாண மண்டபத்துக்கு வந்தால், பவுடரும் மல்லிகைப்பூவுமாக வரிசையில் நிற்கிற மாமிமாருக்குக் கன்னத்தைக் கொடுக்கமாட்டேன் என்று கழிவறைக்குள் போய் இருந்துவிடுகிறான். ஒருநாள் கேட்டேன், ஏனடா அங்கே செய்கிறாய், இங்கே செய்யாமல் விடுகிறாய் என்று. "அங்க அவையும் நானும் சேர்ந்து செய்யிறம், இங்க எனக்குச் செய்யினம்" என்றான். அதுக்குப் பிறகு நான் "கொஞ்சு" என்று தள்ளிவிடுவதை நிறுத்திவிட்டேன். மாமிமாருக்குக் கோபம்தான், ஒருத்தி இரண்டு வருசமாக என்னோடு கதைப்பதில்லை.

ஃபிரிஸ்கோவாசி

நாங்களும் டல்லாஸ் பக்கம்தான். அந்தப் பெண்ணுக்காக ஒரு வார்த்தை. இங்கே கட்டிப்பிடிப்பது என்பது "சாப்டாச்சா" மாதிரி, பெரிய அர்த்தம் ஒன்றும் இல்லை. ஆனால் இங்கேயும் கேட்டுவிட்டுச் செய் என்றுதான் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்கள். என் மகன் முதல் வகுப்பில் இருக்கும்போது கதவில் ஒரு அட்டை ஒட்டியிருந்தார்கள், கையைத் தட்டுவது, விரலை மடக்கிக் கை முட்டியை முட்டுவது, கட்டிப்பிடிப்பது, வெறுமனே கையசைப்பது என்று படங்கள். எதைத் தொடுகிறானோ அப்படித்தான் டீச்சர் அன்றைக்கு உள்ளே அழைப்பார். அவன் வருஷம் முழுக்க முட்டியை மட்டுமே தொட்டான். 2017 நவம்பரில் இங்கே கேர்ள் ஸ்கவுட்ஸ் அமைப்பு, பண்டிகைக்கு வரும் சொந்தக்காரர்களைக் கட்டிப்பிடிக்க வேண்டிய கடன் உங்கள் மகளுக்குக் கிடையாது என்று பெற்றோருக்கு எழுதியது பெரிய வாக்குவாதமாயிற்று, தாத்தா பாட்டிகள் எல்லாம் கொதித்தார்கள். ஆக, பாட்டிகள் எல்லா ஊரிலும் கொதிக்கத்தான் செய்கிறார்கள், ஒரு ஊரில் கட்டிப்பிடித்ததற்கு, ஒரு ஊரில் கட்டிப்பிடிக்காததற்கு.

அந்தப் பெண்ணிடம் "செய்யாதே" என்று சொல்ல வேண்டாம். "அவனைக் கேட்டுட்டுச் செய்" என்று சொன்னால் போதும், அவளுக்கு அது பள்ளியில் கேட்ட பாடம்தான், உடனே புரிந்துகொள்வாள்.

பிசியோ_திருச்சி

எண்ணெய் என்று பேச்சு வந்ததால் எழுதுகிறேன். நம் தோலில், முடி இருக்கும் பகுதிகளில், ஒரு வகை நரம்பு இழை இருக்கிறது, அது வலியையும் சொல்லாது, எங்கே பட்டது என்பதையும் துல்லியமாகச் சொல்லாது. மெதுவாக வருடினால் மட்டும் பதில் கொடுக்கும். நொடிக்கு 1 செ.மீ. முதல் 10 செ.மீ. வரை, அதுவும் கையின் கதகதப்பு இருந்தால் நன்றாக வேலை செய்யும். சுவீடனில் நுண் ஊசிகளை வைத்து அளந்து கண்டுபிடித்தது. வேகமாகத் தேய்த்தாலும் அசையாமல் பிடித்தாலும் அவ்வளவாகக் கண்டுகொள்ளாது. தூங்குகிற பிள்ளை முதுகை நாம் எந்த வேகத்தில் தடவுகிறோமோ கிட்டத்தட்ட அதே வேகம். உங்கள் பையன் தலையைப் பின்னால் தள்ளுகிறானே, அவனுக்கு வேண்டியது அங்கே கிடைக்கிறது.

வாட்ஸ்அப்பில் "20 நொடி கட்டிப்பிடித்தால் பிபி குறையும்" என்று வருமே, அதை வைத்து யாரும் பிள்ளைகளை 20 நொடி பிடித்து வைக்காதீர்கள். 2003இல் வந்த அந்த ஆய்வு சேர்ந்து வாழும் ஜோடிகளிடம் செய்தது, அதுவும் பத்து நிமிஷம் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த பிறகு. விருப்பமில்லாத 14 வயதுப் பையனுக்கு 20 நொடியில் பிபி ஏறத்தான் செய்யும்.

பிறை

எங்கள் தெருவில் பெருநாள் தொழுகை முடிந்ததும் பள்ளிவாசல் வாசலில் நின்று பாருங்கள். முஸாஃபஹா செய்து கையைக் கொடுத்துவிட்டு, வலது தோள், இடது தோள் என்று மாற்றி மாற்றி எல்லோரும் கட்டித் தழுவுவார்கள். 13 வயதுப் பையன், வருஷம் முழுக்க அவனுக்கு டியூஷன் எடுத்து அடிபோட்ட வாத்தியாரைத் தழுவுவான். ஆறு மாதமாகப் பேசாத பங்காளிகள் முகத்தைத் திருப்பிக்கொண்டே தழுவுவார்கள். ஒருத்தனும் ஈபி கம்பம் மாதிரி நிற்பதில்லை, ஏனென்றால் எத்தனை தடவை, எந்தப் பக்கம், யார் யாரை என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும், அத்தர் மணக்கிறது, புதுச் சட்டை, வேர்வைப் பயமும் இல்லை. ஆம்பிளை ஆம்பிளையோடு மட்டும்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். அதே பையனை மறுநாள் கடைத்தெருவில் பார்த்தால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவான். அந்தத் தம்பி கணக்கு கணக்கு என்றாரே, அதுதான்.

திண்ணை

பிறை பாய் சொன்னதை நான் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள் அம்மா. ஒரு கணக்கு வேண்டும், அவ்வளவுதான். ரெண்டு பிள்ளைகளுக்கும் நடுவில் எந்தக் கணக்கும் இல்லாததால் தான் ஒருத்தி ஓடி வருகிறாள், ஒருத்தன் பாட்டிலை நசுக்குகிறான். அவர்களே ஒன்று போட்டுக்கொள்வார்கள், நீங்கள் மாமியாரை மட்டும் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்.

மகராசி

ஆகஸ்ட் வந்துவிட்டது, அவர்கள் நேற்று ஊருக்குப் போனார்கள். எழுதிவிட்டுக் காணாமல் போனவள் என்று நினைக்க வேண்டாம், வீட்டில் ஆள் நிறைந்து கிடந்தது.

நான் அந்தப் பெண்ணிடம் ஃபிரிஸ்கோவாசி சொன்ன மாதிரியே சொன்னேன். அவள் நேராக அவன் அறைக் கதவைத் தட்டி, உள்ளே போகாமல் வாசலில் நின்று, "ஹக் வேண்டாம், ஓகே. வேற என்ன?" என்று கேட்டாளாம். அவன் கொஞ்சம் யோசித்து முட்டியை நீட்டினானாம். அதற்கப்புறம் ரெண்டும் பார்க்கிற இடத்தில் எல்லாம் முட்டியை முட்டிக்கொண்டு ஒரே ரகளை, மாடிப்படியில், கேரம் போர்டு நடுவில், ஆட்டுக்கல் பக்கத்தில். மாமியார் ரெண்டு நாள் பார்த்துவிட்டு, "இதென்ன, கோலிக்குண்டு ஆட்டமா?" என்று கேட்டார். அவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் சொன்னேன், முறை என்கிற பேச்சை இந்த லீவில் எடுக்காதீங்க, அவங்க ரெண்டு பேருக்கும் அது தலைக்கே ஏறாது, கூச்சம் மட்டும்தான் ஏறும் என்று. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார், ஆனால் அப்புறம் எடுக்கவில்லை.

சனிக்கிழமை எண்ணெய் தேய்க்கும்போது அந்தப் பெண்ணும் வந்து முக்காலிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள், எனக்கும் என்று. தேய்த்துவிட்டேன். கண்ணை மூடிக்கொண்டு பத்து நிமிஷம் ஒரு வார்த்தை பேசவில்லை.

நேற்று விமான நிலையத்தில் மாமியார் பேத்தியின் கன்னத்தை ரெண்டு கையாலும் வழித்து, தன் நெற்றிப் பொட்டில் வைத்து நெட்டி முறித்தார். எட்டு விரலும் படபடவென்று சொடக்கு. இந்தத் தடவை அவள்தான் கம்பம் மாதிரி நின்றாள், கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தள்ளுவண்டிக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு. "கண்ணு பட்டிருந்ததல்ல, அதுதான் இத்தன சொடக்கு" என்று ஆத்தா விளக்கினார். அவள் உடனே திரும்பி என் மகன் முன்னால் போய் நின்றாள். "ஓகேவா?" என்று கேட்டாள். அவன் தோளைக் குலுக்கினான். அவன் கன்னத்தை வழித்து, தன் நெற்றியில் வைத்து அழுத்துகிறாள், அழுத்துகிறாள், ஒரு சொடக்குகூட விழவில்லை. இவன் குனிந்து நின்றுகொண்டே சிரிக்கிறான். மாமியார் இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இவனுக்கு எவ கண்ணுடி படப் போகுது, உடு, நேரமாச்சு" என்றார்.